பெயர் கேட்டவர்

ஒரு மனிதர் மறைந்த பிறகு அவரைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு அதிகம் என்று கேட்டால், அவரால் நன்மை பெற்றவர்களுக்கே என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். உபாத்தியாயர் காலமானால் அவரிடம் அட்சரம் கற்றவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேருகிறார்கள். வைத்தியர் போய்விட்டால் அவருடைய கைராசியைப் பற்றி நாலு தெருவிலும் பேச்சு நடக்கிறது. குளம் வெட்டியவருக்குக் குளமே சாட்சி. ஆனால், நடுச்சாலையில் பிரக்ஞை இழந்து கிடப்பவரை எடுத்து, மூச்சு நின்றுவிடாமல் பார்த்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒப்படைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவதை உத்தியோகமாகக் கொண்ட ஒருவருக்கு அந்தச் சாட்சியம் கிடைப்பதில்லை. அவரால் பெரிய நன்மையை அடைந்தவர்கள் அந்த நன்மை நிகழ்ந்த நேரத்தில் கண்மூடிக் கிடந்தவர்கள். விழித்தபோது அவர்கள் கண்டது டாக்டரை. அதற்கு முந்திய அரைமணி நேரம் அவர்களுடைய ஞாபகத்தில் இல்லவே இல்லை. அந்த அரைமணி நேரத்திலேதான் என் தங்கையின் கணவர் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

சென்ற ஐப்பசியில் அவர் காலமானார். வயது நாற்பத்தாறுதான். தம் பெயரை எந்த இடத்திலும் முன்னால் வைத்துக்கொள்ளாத அவருடைய சுபாவத்துக்கு மரியாதையாக, அதை இங்கே எழுதாமல் விடுகிறேன். நான் அவரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'மச்சான்' என்றார். அந்த முறைப்பெயர்களே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கிற்று. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2005 ஆகஸ்டில், ஹைதராபாத்தில் ஆரம்பமான ஏற்பாடு அது. நர்ஸிங் படித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சொற்பச் சம்பளத்துக்கு இருந்த மாப்பிள்ளை, இங்கே அது தொடங்கிய சில மாதங்களிலேயே பயிற்சி முடித்து அதில் சேர்ந்துவிட்டார். அந்த வண்டிகள் வருவதற்கு முன்னால் எங்கள் கரிசல் சீமையில் அவசரம் என்றால் என்ன பொருள் என்பதை இளைய தலைமுறையினர் அறிய மாட்டார்கள். வலி கண்ட கர்ப்பிணியை மாட்டுவண்டியில் ஏற்றி மண்ரோட்டில் கொண்டுபோவார்கள். தீப்பெட்டி ஆபீஸில் நெருப்புப்பட்டவரை லாரியின் பின்னால் படுக்க வைப்பார்கள். வாடகைக் கார்க்காரர், இரத்தம் படிந்தால் சீட்டு கெட்டுப்போகும் என்று தயங்குவார். போலீஸ் விசாரணைக்கு அஞ்சி, கண்ணெதிரே விழுந்தவரைக்கூடத் தொடாமல் நிற்பார்கள். ஆம்புலன்ஸ் என்ற வண்டியும் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து சடலத்தை ஊருக்குக் கொண்டுவரும் வண்டியாகவே எங்களுக்கு அறிமுகமாகியிருந்தது. அதன் சத்தம் கேட்டால் தெருவில் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்தச் சத்தத்தைப் பிழைக்க வைக்க வருகிறவர்களின் சத்தமாக ஜனங்கள் கேட்கப் பழகியதற்கு, மாப்பிள்ளையைப் போன்ற ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் இரவு பகல் பாராமல் அலைந்ததைத் தவிர வேறு காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

வண்டியில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஓட்டுபவரைப் 'பைலட்' என்கிறார்கள்; பின்னால் நோயாளியோடு இருப்பவர் 'இ.எம்.டி.' வேலை முறை ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஓர் இடம் குறித்திருப்பார்கள். மாப்பிள்ளைக்கு நெடுங்காலம் கயத்தாறு அமைந்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று சரித்திரத்தில் படிக்கிற அந்த ஊரின் பக்கமாகத்தான் மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் நான்குவழிச் சாலை போகிறது. அகலமான நல்ல சாலை, அதனாலேயே வேகமும் விபத்தும் மிகுந்த சாலை. சென்னையிலிருக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டுக் 'கேஸ்' சொல்வார்கள். பிரசவ வலி, நெஞ்சு வலி, கண்ணாடி விரியன் கடித்தது, பூச்சிமருந்து குடித்தது, பைக்கில் போனவர் மீது வேன் மோதியது என்று எதுவாகவும் இருக்கும். சில பிரசவங்கள் ஆஸ்பத்திரிவரை பொறுப்பதில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, போனில் டாக்டர் சொல்லச் சொல்ல, பைலட்டும் கூட வந்த ஆச்சியும் டார்ச் பிடிக்க, இவரே குழந்தையை எடுத்திருக்கிறார். அப்படி வெளியுலகைக் கண்ட குழந்தைகளுக்கெல்லாம் இந்த உலகத்தின் முதல் ஸ்பரிசம் அவருடைய கை. அவர்களுக்கும் அவரைத் தெரியாது.

அவர் தொழில் செய்வதை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கயத்தாறு தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தார்ச்சாலையில் கிடந்தார். சுற்றிலும் கூட்டம். ஒருவர் சோடா வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். இன்னொருவர் அவரை இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி உட்காரவைக்க முயன்றுகொண்டிருந்தார். எல்லாம் நல்லெண்ணத்தால் செய்தவையே. வண்டி வந்து நின்றது. இறங்கியவர் மாப்பிள்ளை. அவர் ஓடவில்லை என்பதை முதலில் கவனித்தேன். வேகமாக நடந்து வந்தார். வரும்போதே சாலையின் இரு பக்கத்தையும், கவிழ்ந்து கிடந்த மோட்டார் சைக்கிளையும், சிந்திக் கிடந்த பெட்ரோலையும், கூட்டத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். சோடாவை வாங்கிக் கீழே வைத்தார். தலைமாட்டில் மண்டியிட்டு, கழுத்து அசையாதபடி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து அந்த மனிதரின் முகத்துக்கு நேரே பேசினார்:

"அண்ணாச்சி, நான் பேசுறது கேக்குதா? ஒங்க பேரு என்ன?"

பதில் இல்லை. மறுபடியும் அதே கேள்வி, அதே நிதானத்தில். மூன்றாவது முறை உதடு அசைந்து ஏதோ ஒரு பெயர் பாதியாக வந்தது. உடனே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார். "சரி அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன், தலைய மட்டும் ஆட்டாதிய" என்று அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே கழுத்துப் பட்டையைப் போட்டார். பலகையை அடியில் கொடுத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பைலட்டும் கூட்டத்தில் இருவரும் சேர்ந்து ஒரே மூச்சில் தூக்கினார்கள். கதவு சாத்தும்வரையில் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. என்னை அவர் பார்த்தாரா என்பது சந்தேகம். பார்த்திருந்தாலும் நான் அப்போது கூட்டத்தில் ஒருவனே.

பெயர் கேட்பதன் தாத்பரியத்தைப் பின்னொரு நாள் சொன்னார். பேசுகிறவனுக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கிறது. நுரையீரலில் காற்று இருக்கிறது. மூளைக்கு இரத்தம் போகிறது. ஒரு கேள்வியில் மூன்று பரீட்சை. ஆனால் எனக்கு அன்று புலப்பட்டது இன்னொன்று. அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அவருடைய மகள் மூன்று வயதில் ஜுர வேகத்தில் இரவெல்லாம் பிதற்றிக் கிடந்தபோது, பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்த குரல் அது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. உத்தியோகத்துக்கு ஒரு குரல், வீட்டுக்கு ஒரு குரல் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. தம் பெண்ணுக்குக் கொடுத்ததை அப்படியே தார்ச்சாலையில் கிடந்த அந்நியருக்கும் கொடுத்தார். அதில் ஒரு குன்றிமணி குறையவில்லை. அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது முக்கியமாக இதுதான் என்று நினைக்கிறேன்.

காயம்பட்டவரைத் தேடிப்போய் எடுக்க வேண்டும் என்ற எண்ணமே உலகத்தில் அவ்வளவு பழையதன்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792-இல், டொமினிக் லாரே என்ற ராணுவ வைத்தியர், சண்டை முடியும்வரையில் வீரர்கள் களத்திலேயே கிடந்து மடிவதைப் பொறுக்க மாட்டாமல், குதிரைகள் பூட்டிய இலகுவான வண்டிகளை வகுத்தார். பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்து முதலில் யாரை எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும் என்பதும் அவர் கொள்கை. தாம் அறிந்த மனிதர்களுள் மிக உத்தமர் அவரே என்று நெப்போலியன் தம் உயிலில் எழுதிவைத்தார். சக்கரவர்த்தியின் உயிலில் இடம்பெறும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

லாரேயைவிட என் மனத்துக்கு நெருக்கமானவர்கள், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள். அங்கேயும் 1960-களில் நோயாளியைக் கொண்டுபோனது போலீஸ் வேன். வேறு பல ஊர்களில் பிணவண்டி. பின்னால் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க ஆள் கிடையாது. வியன்னாவில் பிறந்து அந்த நகரத்தில் மயக்கமருந்து நிபுணராக இருந்த பீட்டர் ஸஃபார், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை ஸ்தாபித்தவர்களில் ஒருவர். அவருடைய சொந்த மகளே, பதினோரு வயதுக் குழந்தை, 1966-இல் ஆஸ்துமாவால் மாண்டுபோனாள். அடுத்த ஆண்டு அவர், 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற அமைப்பின் மூலம், ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற ஏழைப் பகுதியில் வேலையில்லாமல் இருந்த கறுப்பின மனிதர்களைச் சேர்த்து, அதுவரை டாக்டர்களுக்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட வித்தைகளைக் கற்றுக்கொடுத்தார். படிப்பு ஏறாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிய அவர்கள், தெருவிலேயே சிகிச்சை தொடங்கும் முறைக்கு அந்த நாட்டிலே வழிகாட்டியவர்களில் முதல்வர்களானார்கள். 1975-இல் நகராட்சி தன் சொந்தச் சேவையை ஏற்படுத்தி, ஃப்ரீடம் ஹவுஸின் சேவையை மூடிவிட்டது. அவர்களுடைய பெயர்களைத் தேடி எடுத்து எழுதப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தக் கதையை மாப்பிள்ளைக்கு ஒருநாள் சொன்னேன். ஸஃபாரின் மகள் இறந்த இடம் வந்தபோது, மேலே சொல்ல வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு எழுந்துபோய், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க மச்சான்" என்றார்.

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இரவு முறை முடிந்து காலையில் வருவார். முன்வாசல் வழியாக நுழைய மாட்டார். புழக்கடையில் குளித்து, போட்டிருந்த உடுப்பைத் தாமே அலசிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். அதற்கப்புறம் முதல் காரியம் மகளுக்குத் தலை பின்னுவது. என் தங்கை பால்வாடி டீச்சர். காலையில் அவளுக்குப் பரபரப்பு. ஆகையால் ரெட்டைச் சடை இவர் பொறுப்பு. நடு உச்சி பிசகாமல் எடுத்து, இரண்டு பக்கமும் சமமாக, இழுத்தாலும் அவிழாமல், அதே சமயம் ஒரு முடியும் வலிக்காமல் பின்னுவார். கட்டுப்போட்டுப் பழகிய விரல்கள். ரிப்பனை முடிந்த பிறகு, அந்த முடிச்சுக்கடியில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். இறுக்கம் சரிதானா என்று. கட்டுக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டுமாம். அதுவரை தூக்கக் கலக்கத்தில் செருகியிருக்கும் கண்கள், பெண்ணைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிய பிறகே மூடும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தால் சொதி அவர் கையால்தான். தேங்காய்ப் பாலை மூன்று தடவை தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, இஞ்சித் துவையலை அம்மியில் அரைப்பார். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போவோம். எத்தனை கூட்டமாக இருந்தாலும் வேனை வெளியே போகும் திக்கில் திருப்பி நிறுத்தச் சொல்வார், அதன் முன்னால் வேறு வண்டி வந்து அடைத்துக்கொள்ள விடமாட்டார். எங்கள் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல், மயங்கி விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். "அத்தை, மயங்கிக் கெடக்கவங்க வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்திராதிய" என்று அவர் சொல்லியதை அம்மா தெருவெங்கும் பரப்பிவிட்டாள். பாம்பு கடித்த காலில் கயிற்றை இறுக்கிக் கட்டாதே, கீறாதே, நடக்கவிடாதே என்பதையும் அப்படியே. பிள்ளைகள் இருவரும் தலையணையை வைத்துக்கொண்டு மார்பை அழுத்தப் பழகினார்கள். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, இரண்டு அங்குல ஆழம், ஒவ்வொரு தடவையும் கையை முழுதாகத் தளர்த்த வேண்டும். சின்னவன் எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து.

தொழிலில் கண்ட துயரங்களை அவர் வீட்டில் பேசியதில்லை. ஆனால் அதனால் துயரம் வீட்டுக்கு வராமலிருந்ததா என்றால், இல்லை. சில நாட்களில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். தங்கை ஒன்றும் கேட்க மாட்டாள், ரசத்தை மட்டும் ஊற்றுவாள். அவருக்கிருந்த வேதனைகளுள் பெரியது என்னவென்று பின்னாளில்தான் அறிந்தேன். கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பிழைத்தார்களா, இல்லையா என்பது அவருக்குத் தெரிவதில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றி, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் என்ன கொடுத்தோம் என்பதும் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டியைக் கழுவுவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். பாதிக் கதையோடு மூடிவைத்த புத்தகங்களாக நூற்றுக்கணக்கான மனிதர்கள் அவருக்குள் இருந்தார்கள். அவர்களுக்கு இவரைத் தெரியாததுபோலவே இவருக்கும் அவர்களுடைய பிற்கதை தெரியாது. அப்படி இரண்டு பக்கமும் இருட்டாக இருக்கும் ஓர் உறவில் ஒரு மனிதர் இத்தனை சிரத்தையைக் கொட்ட முடியும் என்பதை, அவரை அறியாதிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கொரோனா காலத்தில், அந்தக் கவச உடைக்குள் வேர்த்து வேர்த்து மெலிந்துபோனார்; மூன்று மாதம் மாடியில் தனியே படுத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தெருவில் நிற்கச்சொல்லி மேலிருந்து பேசினார். அதற்குப் பின் முதுகு ஒத்துழைக்கவில்லை. கனத்த சரீரங்களைக் குறுகிய மாடிப்படிகளில் இறக்கி இறக்கி, தண்டுவடத்தில் தேய்மானம். வேலையை விட்டுவிட்டு, தம் அண்ணனுடைய உரக்கடையில் கணக்கெழுத உட்கார்ந்தார். பூச்சிமருந்தும் விற்கிற கடை. அதில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்: தனியே வந்து மருந்து கேட்பவர் எவராயிருந்தாலும், என்ன பயிர், எத்தனை குறுக்கம், என்ன பூச்சி என்று விசாரிக்காமல் பாட்டிலை எடுக்கமாட்டார். ஒரு மத்தியானம், அழுது வீங்கிய கண்களோடு வந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னார், டீ வாங்கிக்கொடுத்தார், "தாயி, ஒன் பேரு என்ன?" என்று ஆரம்பித்தார். சாயங்காலம் அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப்போகும்வரையில் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை. இதையும் அவர் சொல்லவில்லை. கடைப் பையன் சொல்லித் தெரியும்.

வயிற்றில் புற்று என்று கண்டபோது நாள் கடந்துவிட்டிருந்தது. அவருக்கு எல்லாம் புரியும்; அதனால் ஒருவரும் அவரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசி மாதங்களை வீட்டிலேயே கழித்தார். ஒருநாள், நான் பக்கத்தில் இருக்கையில், "நான் பாத்த சாவெல்லாம் அவசரத்துல வந்தது மச்சான். ஒருத்தருக்கும் ஒரு வார்த்த சொல்ல நேரமில்ல. எனக்கு நேரம் கெடச்சிருக்கு" என்றார். கிடைத்த அந்த நேரத்தை அவர் வீணாக்கவில்லை. கடன் பத்திரங்களை எடுத்துக் காட்டினார். இன்ஷூரன்ஸ் காகிதங்களை அடுக்கினார். மகனுக்குச் சைக்கிள் செயின் மாட்டக் கற்றுக்கொடுத்தார். வளர்ந்த பெண்ணுக்கு, கட்டிலில் சாய்ந்தபடி, கை நடுங்க, ஒரு தடவை ரெட்டைச் சடை பின்னினார். காலேஜுக்குப் போகிற பெண் அந்தச் சடையோடேயே அன்று காலேஜுக்குப் போனாள்.

காரியத்துக்கு வந்தவர்களில் பைலட்டுகள் இருந்தார்கள், இ.எம்.டி. பிள்ளைகள் இருந்தார்கள், நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ்காரர் ஒருவர், கயத்தாற்றில் வண்டி நிற்கும் இடத்தருகே டீக்கடை வைத்திருக்கும் பெரியவர், பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு மனிதர். மாப்பிள்ளை எடுத்துப்போட்ட உயிர்களில் ஒன்றுகூட வரவில்லை. வருவதற்கு வழியில்லை. எனக்கு அது ஆறவில்லை. பதினாறாம் நாள் கழிந்து சாமான்களை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தபோது, பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுக்கலாமா, அவருடைய போட்டோவைப் போட்டால் யாராவது ஒருவருக்கு, கூட வந்த மனைவிக்கோ மகனுக்கோ, ஞாபகம் வரலாமே என்று தங்கையிடம் கேட்டேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வேண்டாம்ணே. அந்த மொகத்தப் பாத்தா அவங்களுக்கு அந்த நாளுல்ல ஞாபகத்துக்கு வரும். மறந்துட்டு நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அவருடைய பழைய பைலட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று இரவு முறை. எட்டு மணிக்குள் கயத்தாற்றில் இருக்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டு, என் தங்கை கட்டிக்கொடுத்த சாப்பாட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.